அருவி வந்தால் படம் ஏன் உடைகிறது?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, தங்கச்சி கல்யாண வீடியோவை ஸ்டுடியோவுல ப்ளூ-ரே டிஸ்க்ல போட்டுத் தந்தாங்க. மூணு மணி நேரம். டிவியில பென்டிரைவ் சொருகிப் பாக்கலாம்னு கம்ப்யூட்டர்ல சுருக்கினேன். மண்டபத்துக்குள்ள எடுத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பாபநாசம் அகஸ்தியர் அருவிகிட்ட எடுத்த அவுட்டோர் வந்தா மட்டும் கட்டம் கட்டமா உடையுது. சினிமா டிஸ்க்லயும் மழை சீன் வந்தா இதே கதைதான். கம்ப்யூட்டர் கோளாறா, டிஸ்க் கோளாறா?"

ரெண்டும் இல்லை. அருவிதான் கோளாறு. எப்படி என்று பார்ப்போம். (சினிமா டிஸ்க்குகளில் பூட்டு இருக்கும். அதை உடைக்கிற விவகாரம் பதிப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவு வரை போகும், 2012-இல் சேர்த்தது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. கல்யாண டிஸ்க்கையே வைத்துப் பேசலாம், கணக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.)

முதலில் அளவு. எச்டி படத்தின் ஒரு ஃபிரேமில் 1920-க்கு 1080, அதாவது 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள். நம் கண் வெளிச்ச வித்தியாசத்தைப் பார்க்கிற அளவு நிற வித்தியாசத்தைக் கூர்மையாகப் பார்க்காது என்பதால் நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒன்று என்று சேமித்தால் போதும். அப்படியும் ஒரு ஃபிரேமுக்கு 31 லட்சம் பைட் வந்துவிடும். வினாடிக்கு 25 ஃபிரேம், மூன்று மணி நேரம் என்று பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 840 ஜிபி. ஒற்றை அடுக்கு ப்ளூ-ரே டிஸ்க் பிடிப்பது 25 ஜிபி. ஆக, ஸ்டுடியோக்காரர் உங்கள் கையில் தரும்போதே படம் முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே பிழியப்பட்டுவிட்டது. பிழிந்ததைத்தான் நாம் மறுபடி பிழிகிறோம்.

இந்தப் பிழிதலில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு, அதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். திருநெல்வேலியில் தாமிரபரணி மேல் நிற்கும் சுலோச்சன முதலியார் பாலத்தைக் கேமராவை ஸ்டாண்டில் வைத்து எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வண்ணார்பேட்டையிலிருந்து ஜங்ஷன் பக்கம் ஒரு டவுன் பஸ் போகிறது. ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் நடுவில் பாலம் மாறவில்லை, ஆறு பெரிதாக மாறவில்லை, பஸ் மட்டும் சில புள்ளிகள் நகர்ந்திருக்கிறது. அப்படியிருக்க இரண்டாவது ஃபிரேமை முழுசாக எதற்கு எழுத வேண்டும்? படத்தை 16-க்கு 16 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் "போன ஃபிரேமில் நீ எங்கே இருந்தாய்" என்று கேட்டு, "இடது பக்கம் ஏழு புள்ளி தள்ளி" என்று பதில் கிடைத்தால் அந்த இரண்டு எண்களை மட்டும் எழுதினால் போதும். பாலத்தின் கட்டங்களுக்கு அதுகூட வேண்டாம், "அப்படியே விடு" என்று ஒரு குறிப்போடு முடிந்தது.

கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் பதிலை யாராவது தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமே. ஒரு கட்டத்தை எல்லாப் பக்கமும் 16 புள்ளி தூரம் வரை நகர்த்திப் பார்ப்பதென்றால் 33 பெருக்கல் 33, அதாவது 1,089 இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் 256 புள்ளிகளைக் கழித்துப் பார்க்க வேண்டும். ஒரு ஃபிரேமில் இப்படி 8,160 கட்டங்கள். மொத்தம் 227 கோடிக் கழித்தல், ஒரே ஒரு ஃபிரேமுக்கு! இப்படித் தேடினால் உங்கள் தங்கச்சிக்குப் பேரன் பிறக்கும்போதுதான் வீடியோ தயாராகும்.

அதனால் மென்பொருள் குறுக்குவழியில் போகிறது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்டவர் நான்கு ரதவீதியையும் அடி அடியாக அளந்துகொண்டிருக்க மாட்டார், பக்கத்தில் நிற்கிறவரிடம் "கூட்டம் எந்தப் பக்கம் தள்ளுச்சு?" என்று கேட்டு அந்தப் பக்கம் ஓடுவார். இதுவும் அதேதான். இடது பக்கக் கட்டமும் மேலே உள்ள கட்டங்களும் எந்தத் திசையில் நகர்ந்தன என்று பார்த்து, நானும் அங்கேதான் போயிருப்பேன் என்று ஊகித்து அங்கிருந்து தேட ஆரம்பிக்கிறது. ஊகித்த இடத்தைச் சுற்றி அறுகோணமாக ஆறு இடங்களைப் பார்க்கும். அதில் எது அதிகம் பொருந்துகிறதோ அங்கே நகர்ந்து மறுபடி ஆறு. நடுவில் இருப்பதே மற்றதைவிடப் பொருத்தம் என்று ஆனதும் நின்றுவிடும். ஆயிரத்துச் சொச்ச இடங்களுக்குப் பதில் பத்து இருபது இடங்களில் வேலை முடிந்தது. அதோடு விடாமல் அரைப் புள்ளி, கால் புள்ளி என்றும் நகர்த்திப் பார்க்கும். பஸ் முழுப் புள்ளிக் கணக்கிலா நகரும்? இரண்டு புள்ளிக்கு நடுவில் என்ன இருந்திருக்கும் என்று சுற்றியுள்ள புள்ளிகளை வைத்துக் கணக்கிட்டு, இல்லாத புள்ளியை உருவாக்கி, அதோடு ஒப்பிடுகிறது. வீடியோவைச் சுருக்கும் எச்.264 முறை 2003-இல் வந்தது, இன்று நம் செல்போன் தினமும் இதைச் செய்துகொண்டிருக்கிறது, நாமும் சட்டை செய்யாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் "ஃபாஸ்ட்", "ஸ்லோ" என்று வருகிறதே, அதில் பெரும்பங்கு இந்தத் தேடலை எவ்வளவு பொறுமையாகச் செய்வது என்பதுதான்.

இப்போது அருவிக்கு வருவோம். அகஸ்தியர் அருவியின் ஒரு கட்டத்தை எடுத்து போன ஃபிரேமில் எங்கே இருந்தாய் என்று கேட்டால், அது எங்கேயும் இல்லை. அந்தத் திவலை அப்போதுதான் பாறையில் பட்டுச் சிதறியது. பக்கத்துக் கட்டத்தைக் கேட்டும் பயனில்லை, அது வேறு பக்கம் தெறிக்கிறது. தேடி எடுத்த "நல்ல பொருத்தம்" என்பதே சுமார் ரகம், அதனால் ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள மிச்சம் மலையாகக் குவிகிறது. மழை, வாணவேடிக்கை, மணமக்கள் தலையில் கொட்டுகிற பூ, பழைய ஃபிலிம் படங்களின் மணல்மணலான புள்ளிகள், எல்லாம் இதே சாதி. தற்செயலாக நடப்பதை முன்கூட்டி ஊகிக்க முடியாது. ஊகிக்க முடியாததைச் சுருக்கவும் முடியாது.

அந்த மிச்சத்தை என்ன செய்கிறார்கள் என்பதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பங்கு இருக்கிறது. மிச்சத்தை 8-க்கு 8 போன்ற சின்னச் சதுரங்களாக எடுத்து, ஒவ்வொன்றையும் அலைகளின் கூட்டாக மாற்றுகிறார்கள். முதல் எண் சதுரத்தின் சராசரி. அடுத்தடுத்தவை மெதுவாக மாறும் அலைகள், கடைசியில் வருபவை பொடிப் பொடியான விவரங்கள். இந்த டிஸ்க்ரீட் கொசைன் மாற்றத்தை 1974-இல் வெளியிட்டவர்கள் மூன்று பேர்: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அவருடைய மாணவர் டி. நடராஜன், கே.ஆர். ராவ். இதை ஆராய அகமது 1972-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்கிற தொனியில் மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதியிருந்ததாக அவரே பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். நிதி இல்லாமலே 1973 கோடையில் வேலையைத் தொடர்ந்தார். இன்று வாட்ஸ்அப்பில் வருகிற காலை வணக்கப் படம் வரைக்கும் அதில்தான் ஓடுகிறது. நிதி கேட்டு வரும் விண்ணப்பங்களில் "இதனால் உடனடிப் பயன் என்ன" என்று ஒரு பத்தி கட்டாயம் எழுதச் சொல்கிறவர்களுக்கு இந்தக் கதையை அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சரி, அலைகளாக மாற்றியாயிற்று. இடம் எங்கே மிச்சமாகிறது? ஒவ்வொரு எண்ணையும் ஒரு பெரிய எண்ணால் வகுத்து முழு எண்ணாக்கிவிடுகிறார்கள். சின்ன எண்கள் பூஜ்ஜியமாகும், பூஜ்ஜியங்களை எழுத இடம் அதிகம் வேண்டாம். இடநெருக்கடி கூடக் கூட வகுக்கும் எண்ணும் பெரிதாகிக்கொண்டே போகும். ஒரு நிலைக்கு மேல் பொடி விவரம் எல்லாம் பூஜ்ஜியமாகி சராசரி மட்டும் மிஞ்சும். சராசரி மட்டும் உள்ள சதுரம் எப்படி இருக்கும்? ஒரே நிறத்தில் தட்டையாக. வாசகர் பார்த்த கட்டம் அதுதான்.

நெருக்கடி எங்கிருந்து வந்தது என்றால், பென்டிரைவிலிருந்து. 32 ஜிபி வரையிலான பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபாட்32 முறையில்தான் வரும், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 32 ஜிபி காலியாக இருந்தாலும் "கோப்பு பெரிது" என்று மறுத்துவிடும். உடனே நம் ஆள் 4 ஜிபிக்குள் வரும்படி பிட்ரேட்டை, அதாவது வினாடிக்கு எவ்வளவு தகவல் என்ற அளவை, குறைத்துப் போட்டிருப்பார். மூன்று மணி நேரத்துக்கு அது வினாடிக்கு 3 மெகாபிட் சொச்சம்தான், டிஸ்க்கில் இருந்ததோ 18. மண்டபத்தில் ஸ்டாண்ட் போட்டு எடுத்த தாலி கட்டுக்கு அது தாராளம், அருவிக்கு எந்த மூலைக்கு?

ஆகவே பென்டிரைவை எக்ஸ்ஃபாட் அல்லது என்டிஎஃப்எஸ் முறைக்கு ஃபார்மட் செய்து (டிவி எதைப் படிக்கும் என்று அதன் கையேட்டில் பார்த்துவிட்டு), பிட்ரேட்டைக் கட்டிப்போடாமல் "கான்ஸ்டன்ட் குவாலிட்டி" வைத்து 20-லிருந்து 22-க்குள் கொடுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், ஆறு குறைத்தால் கோப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். தாலி கட்டு கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும், அருவி வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளும். மொத்த அளவு என்ன வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதுதான் இதற்கு விலை. டிவி ஃபாட்32 தவிர வேறெதையும் தொடாது என்றால் வீடியோவை இரண்டு மூன்று கோப்பாக வெட்டுங்கள், இல்லையென்றால் படத்தை 1280-க்கு 720 புள்ளி அளவுக்கு இறக்குங்கள். "எச்டி போயிருமே" என்று பதறுவார்கள். புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைவதால் அதே 3 மெகாபிட்டில் உடையாத 720, உடைந்த 1080-ஐவிடக் கண்ணுக்கு எவ்வளவோ தேவலாம்.

720-க்கு இறக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். கல்யாண டிஸ்க்குகள் பல 50ஐ முறையில் இருக்கும். வினாடிக்கு 50 அரைப் படங்கள், ஒன்றில் ஒற்றைப்படை வரிகள், அடுத்ததில் இரட்டைப்படை. இரண்டையும் சேர்த்து ஒரே ஃபிரேமாக்கினால், நடுவில் ஐம்பதில் ஒரு வினாடி ஓடிப்போயிருக்கும். தவில்காரர் கையைப் பாருங்கள், விரல் ஓரத்தில் சீப்புப் பல் போல வரி வரியாகத் தெரியும். முதலில் அரைப் படங்களை முழுப் படங்களாக்கும் டீஇன்டர்லேஸ், அப்புறம்தான் அளவு குறைப்பது. மாற்றிச் செய்தால் வரிகள் ஒன்றோடொன்று குழைந்துவிடும், பிறகு எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது.

படம் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் என்று விலகுவது சினிமா டிஸ்க்கில் அடிக்கடி நடக்கிற தொல்லை. ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே அளவு விலகல் என்றால் பிளேயரில் தள்ளி வைத்தால் தீர்ந்தது. போகப் போக விலகல் கூடினால் ஃபிரேம் கணக்கு தப்பு. வினாடிக்கு 23.976 ஃபிரேம் என்பதை 24 என்று எங்கோ எடுத்திருக்கிறது, இரண்டரை மணி நேரப் படத்தில் கடைசியில் 9 வினாடி விலகிவிடும். ஃபிரேம் ரேட்டை மூலத்தில் உள்ளபடியே வைக்கச் சொல்லுங்கள்.

பாதியில் நின்றுபோகிறது என்று எழுதியவர்களும் உண்டு. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் டிஸ்க்கைச் சந்தேகப்படலாம், வெவ்வேறு இடத்தில் நின்றால் கம்ப்யூட்டரை. இந்த வேலை பிராசசரை மணிக்கணக்கில் முழுவேகத்தில் ஓட்டும், நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும். சூடு 100 டிகிரி பக்கம் போனால் பிராசசர் தானே வேகத்தைக் குறைக்கும், மீறினால் அணைந்துவிடும். போன ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனமும் குங்குமமும் விசிறி வலையில் காய்ந்துபோய் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எலுமிச்சம்பழம் வைப்பவர்கள் வைத்துக்கொள்ளட்டும், காற்று போகிற வழியில் வேண்டாம். நல்ல நேரம் பார்த்து கன்வெர்ட் போடுகிறவர்களையும் எனக்குத் தெரியும், அதற்குப் பதில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்று பேப்பரில் பார்க்கலாம். கரண்ட் போனாலும் போகட்டும் என்றால் எம்கேவி கோப்பாக எழுதச் சொல்லுங்கள், அதுவரை எழுதியதாவது பெரும்பாலும் ஓடும். எம்பி4-இல் எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைப் பொதுவாகக் கடைசியில்தான் எழுதுவார்கள், பாதியில் நின்றால் மொத்தமும் திறக்காது.

டிஸ்க்தான் காரணம் என்றால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்துவிட்டு, முடிந்தால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். டூத்பேஸ்ட் தேய்க்கிற வைத்தியத்தை இங்கே காட்டாதீர்கள். டிவிடியில் தகவல் 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது, ப்ளூ-ரேயில் வெறும் 0.1 மில்லிமீட்டர், அதைக் காப்பாற்றத்தான் மேலே கெட்டியான பூச்சு போட்டிருக்கிறார்கள். தேய்த்தால் முதலில் போவது அந்தப் பூச்சு. அதைவிட ஸ்டுடியோவில் போய் மூலக் கோப்பு இருக்கிறதா என்று கேட்கலாம், அடுத்த முகூர்த்த சீசன் வந்தால் ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லை என்று அழித்துவிடுவார்கள், அதற்குள் போய்க் கேளுங்கள்.