பூவாளியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

சித்திரை பிறந்ததிலிருந்து நான் ஏறிப் பார்த்த ஐந்தாவது மொட்டைமாடி இது. அழைத்தவர் சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் குடியிருக்கும் ஒரு பெரியவர், வங்கிப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். "முப்பது பைகளில் வைத்த தக்காளிச் செடியும் ஒரே வாரத்தில் போய்விட்டது சார். ஏதோ நோய். மருந்து எழுதிக் கொடுங்கள்" என்றார்.

ஒரு பையை நகர்த்திப் பார்த்தேன். அசையவில்லை, அவ்வளவு தண்ணீர். செடியைப் பிடுங்கினால் வேர் பழுப்பேறி விரலில் நசுங்கியது, சாக்கடை வாடை. மருந்துக்கு அங்கே வேலையே இல்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணீர் விடுகிறீர்கள், ஐயா?"

"மூன்று தடவை. சேலத்து வெயில் உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். முப்பது ஆண்டுகளாக எனக்குச் சோறு போடுவது தோட்டக்கலைதான். அதனால் இன்னொரு முறையும் சொல்கிறேன். கோடையில் பிற்பகல் இரண்டு மணிக்குத் தக்காளி, கத்தரி, பூசணி எல்லாமே இலையைத் தொங்கப் போடும். வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக இலை ஆவியாக்குகிறது, அவ்வளவுதான். மாலையில் போய்ப் பாருங்கள், தானாக நிமிர்ந்திருக்கும். நிமிராவிட்டாலோ, விடியற்காலையிலேயே வாடிக் கிடந்தாலோ கவலைப்படுங்கள். அப்போதும் பூவாளியைத் தூக்காதீர்கள். மண்ணுக்குள் விரலை விடுங்கள். இரண்டாவது கணு வரை காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றலாம். ஈரமாக இருந்தும் செடி வாடினால் பெரும்பாலும் வேர் மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தம். ஆமாம், வேரும் மூச்சுவிடும். மண்ணில் காற்றுக்கு உரிய இடத்தைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேர் அழுகும். அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. செடி தண்ணீரில் நின்றபடியே தாகத்தில் சாகும். அந்த வாட்டத்தைப் பார்த்து நாம் இன்னொரு வாளி ஊற்றுவோம். தென்னைநார்க் கழிவு நிரப்பிய பையில் இது இன்னும் மோசம். மேலே காய்ந்து தெரியும், அடியில் பிழிந்தால் சொட்டும்.

பெரியவர் யூரியாவும் போட்டிருந்தார், பைக்கு இரண்டு கைப்பிடி. இலை மஞ்சளாக இருந்ததாம். அடியிலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம்; யூரியா தருவது அதைத்தான். நுனியிலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. காரத்தன்மை ஏறிய மண்ணில் இரும்பு இருந்தும் செடிக்குக் கிட்டாது. யார் யூரியா போடச் சொன்னது என்று கேட்டேன். கைபேசியைக் காட்டினார். ஏட்டுச் சுரைக்காய் காலம் போய் இது காணொளிச் சுரைக்காய் காலம்.

மூலையில், ஏற்காட்டில் வாங்கிவந்த ஸ்ட்ராபெரியும் ஹைட்ரேஞ்சியாவும் சருகாக நின்றன. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டாலும் வித்தியாசம் ஏழு டிகிரிக்கு மேல். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் செடியை இறக்கிவிடலாம். குளிரை எப்படி இறக்குவது?

அவரைக் குறை சொல்லவில்லை. செடியைப் பார்த்தே பழகாமல் நேராகப் பை வாங்கியதுதான் வினை. யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: செலவு செய்யும் முன் ஒரு பருவம் ஏதாவது கூட்டுத் தோட்டத்தில் போய் வேலை செய்யுங்கள். காலி மனையிலோ பள்ளி வளாகத்திலோ பத்துப் பேர் சேர்ந்து போட்ட தோட்டமாக இருந்தால் போதும். எங்கள் தோட்டத்தில் பாத்திகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒருவர் ஊற்றித் தீர்த்த பாத்தியும், இன்னொருவர் மறந்தே போன பாத்தியும் ஒரே வெயிலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அடுத்தவர் தவறைப் பார்த்துச் செலவில்லாமல் கற்றுக்கொள்ளலாம். மாடியில் நீங்கள் செய்யும் ஒரே தவறு முப்பது பைகளுக்கும் போகிறது.

ஆனால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நாற்றுத் தட்டோடு படம் எடுத்துக்கொண்டு போவதற்குப் பெயர் தன்னார்வம் அல்ல. வெண்டையே முதல் காய் தர ஒன்றரை மாதம் எடுக்கும். குறைந்தது நான்கு மாதம், அதே பாத்திக்கு வாருங்கள். முதல் மாதம் களையெடுப்பும் உரக்குழி கிளறுவதும்தான் கிடைக்கும், முகம் சுளிக்காதீர்கள். எங்களிடம் வந்த ஒரு பொறியாளர் சிறுகீரை நாற்று முழுவதையும் பிடுங்கி எறிந்துவிட்டு, கோரையைப் பத்திரமாக விட்டுவைத்தார். இப்போது புதியவர்களுக்குக் களை காட்டிக் கொடுப்பவர் அவர்தான்.

செருப்பில்லாமல் இறங்காதீர்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். சருகுக் குவியலில் கையை விடும் முன் ஒரு குச்சியால் தட்டுங்கள். கட்டுவிரியனுக்குத் தன்னார்வலர் யாரென்று தெரியாது.

எந்தத் தோட்டத்தில் சேர்ந்தாலும், அந்த மனை முன்பு என்னவாக இருந்தது என்று விசாரியுங்கள். நம் ஊரில் இது முக்கியம். சாயப்பட்டறையா, வெள்ளிக் கொலுசுப் பட்டறையா, பேட்டரி பிரித்த இடமா? வழக்கமான மண் பரிசோதனை கார அமிலநிலை, உப்பு, சத்துகளைத்தான் சொல்லும். ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களைப் பற்றிச் சொல்லாது. "பரிசோதித்தாயிற்று சார்" என்று மண்வள அட்டையைக் காட்டுபவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. சந்தேகம் இருந்தால் அந்த மண்ணில் கீரை வேண்டவே வேண்டாம். வேறு மண் கொட்டி, மேடைப் பாத்தி கட்டிச் செய்யுங்கள்.

ஆடிப்பட்டத்துக்கு நாங்கள் வைகாசியிலேயே நிலம் கிளறத் தொடங்கிவிடுவோம். அந்தப் பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பூவாளி எடுத்துவர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குடிக்கத் தண்ணீர் மட்டும் கொண்டுவரட்டும். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்புக் கரிக்கும்.