உத்திரத்தை ஏன் நிமிர்த்தி வைக்கிறார்கள்? கூட்டு மாறல் சொல்லும் கணக்கு

3 அங்குலத்துக்கு 6 அங்குலம் உள்ள ஒரு மரச்சட்டத்தை இரண்டு சுவர்களின் மேல் உத்திரமாகப் போட வேண்டும். 6 அங்குலப் பக்கத்தை நிமிர்த்தி வைப்பதா, கிடத்தி வைப்பதா? எந்தத் தச்சரைக் கேட்டாலும் நிமிர்த்தித்தான் வைப்பார். அதே மரம், அதே எடை, அதே விலை. ஆனால் நிமிர்த்தி வைத்தால் இரண்டு மடங்கு சுமை தாங்கும். அந்த இரண்டு மடங்கு எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால், பள்ளிக் கணக்கில் பலரும் பயந்து தாண்டிப் போகிற கூட்டு மாறல் (ஓர் அளவு ஒரே நேரத்தில் பல அளவுகளைப் பொறுத்து மாறுவது) பிடிபட்டுவிடும்.

உத்திரம் தாங்கும் சுமையை மூன்று அளவுகள் முடிவு செய்கின்றன. முதலாவது அகலம். அகலத்தை இரட்டிப்பாக்குவது, அதே போன்ற இன்னொரு உத்திரத்தைப் பக்கத்தில் ஒட்டிப் போடுவதற்குச் சமம். சுமையும் இரட்டிப்பாகும். இது நேர் மாறல். இரண்டாவது, சுவருக்குச் சுவர் உள்ள நீளம். நீளம் கூடக் கூட, நடுவில் வைத்த சுமை உத்திரத்தை வளைக்கும் திறன் கூடுகிறது. அதனால் நீளம் இரட்டிப்பானால் தாங்கும் சுமை பாதியாகும். இது எதிர் மாறல். மூன்றாவது உயரம், அதாவது நிமிர்ந்து நிற்கும் பக்கம். இது இரட்டிப்பானால் சுமை நான்கு மடங்காகும். உயரத்தின் வர்க்கத்துக்கு நேர் மாறல்.

மூன்றும் ஒரே நேரத்தில் மாறினால் என்ன செய்வது? ஒவ்வொன்றாக மாற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் அகலத்தை மட்டும் மாற்றினால் ஒரு விடை வரும். அந்த விடையை வைத்துக்கொண்டு உயரத்தை மாற்றுங்கள், அப்புறம் நீளத்தை. ஒவ்வொரு மாற்றமும் முந்தைய விடையைப் பெருக்குகிறது அல்லது வகுக்கிறது. கூட்டு மாறல் என்று பெயர் இருந்தாலும் இதில் கூட்டலுக்கு இடமே இல்லை.

சுமை = மாறிலி × அகலம் × உயரம்² ÷ நீளம் (மாறிலி என்பது அந்த மரத்துக்கு மாறாமல் இருக்கும் ஓர் எண்.)

கணக்கை எழுத்தில் கொடுக்கும்போது, எந்த அளவு மேலே போகும், எது கீழே போகும், வர்க்கம் எதன் தலையில் உட்காரும் என்று பார்த்து இந்த ஒரு வரியை எழுதிவிட்டால் பெரும்பாலான வேலை முடிந்தது. மீதி நாலாம் வகுப்புப் பெருக்கல்தான்.

10 அடி நீளம், 3 அங்குல அகலம், 6 அங்குல உயரம் கொண்ட உத்திரம் நடுவில் 270 கிலோ தாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். (இது கணக்குக்காக எடுத்த எண். இதை நம்பி யாரும் வீட்டுக்கு உத்திரம் போட்டுவிட வேண்டாம்.) 270 = மாறிலி × 3 × 36 ÷ 10. ஆக, மாறிலி 25. அதே மரத்தில் 4 அங்குல அகலம், 9 அங்குல உயரம், 12 அடி நீளம் என்றால்? 25 × 4 × 81 ÷ 12 = 675 கிலோ. முதல் உத்திரத்தையே கிடத்திப் போட்டால் 25 × 6 × 9 ÷ 10 = 135 கிலோ. 270-க்கு நேர் பாதி. தச்சர் சொன்னது சரிதான்.

அங்குலத்தையும் அடியையும் கிலோவையும் இப்படிக் கலக்கலாமா என்று கேட்கலாம். கலக்கலாம். ஆனால் முதல் உத்திரத்துக்கு எந்த அலகோ அதேதான் இரண்டாவதற்கும் இருக்க வேண்டும். அந்தக் குழப்பத்தையெல்லாம் 25 என்ற எண் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. பாதியில் அலகை மாற்றினால் விடை நாசம்.

எனக்குப் பிடித்த வழி மாறிலியைக் கண்டுபிடிக்காமலே போவது. அகலம் 4/3 மடங்கானது. உயரம் 3/2 மடங்கானதால் அதன் வர்க்கம் 9/4. நீளம் 6/5 மடங்கு. அது கீழே இருப்பதால் 5/6. பெருக்கினால் 4/3 × 9/4 × 5/6 = 5/2. சுமை இரண்டரை மடங்கு, 675 கிலோ. அலகுத் தொல்லையும் இல்லை. இந்த வழி மிகப் பழையது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கரர் லீலாவதி என்ற கணித நூலில் பஞ்சராசிகம், சப்தராசிகம், நவராசிகம் என்று ஐந்து, ஏழு, ஒன்பது எண்கள் வரும் கணக்குகளுக்கு விதி தருகிறார். அங்கும் மாறிலி கண்ணில் படாது. இன்றும் பாடப்புத்தகத்தில் வரும் "இத்தனை ஆட்கள், இத்தனை நாட்கள், நாளுக்கு இத்தனை மணி நேரம்" கணக்குகள் அந்தக் குடும்பம்தான்.

மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் சதவீதம். மேலே உள்ள கணக்கில் அகலம் 33 சதவீதம் கூடியது. உயரம் 50 சதவீதம் கூடியது; வர்க்கம் என்பதால் அதை இரண்டு முறை எடுத்துக்கொள்வார்கள். நீளம் 20 சதவீதம் கூடியதால் அதைக் கழிப்பார்கள். 33 + 50 + 50 − 20 = 113 என்று எழுதிவிடுவார்கள். உண்மையான கூடுதல் 150 சதவீதம். இன்னொரு சறுக்கல், வர்க்கத்தைத் திருப்பி எடுக்க மறப்பது. அகலமும் நீளமும் அப்படியே இருக்க, சுமை மட்டும் இரட்டிப்பாக வேண்டும் என்றால் 6 அங்குல உயரத்தை 12 ஆக்க வேண்டியதில்லை. 2-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் போதும். ஏறக்குறைய எட்டரை அங்குலம்.

சரி, உயரத்துக்கு மட்டும் ஏன் வர்க்கம்? வளையும் உத்திரத்தில் மேல்பக்கம் நசுங்குகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. உயரம் கூடும்போது இழுத்துப் பிடிக்கும் நார்களின் எண்ணிக்கை கூடுகிறது. இது ஒரு மடங்கு. அந்த நார்கள், நசுங்காமலும் இழுபடாமலும் இருக்கும் நடுக்கோட்டிலிருந்து தள்ளிப் போவதால் அவற்றின் பிடிக்கு நெம்புகோல் பலமும் கூடுகிறது. இது இன்னொரு மடங்கு. இரண்டும் பெருகி வர்க்கமாகிறது.

இதை முதலில் கணக்காக எழுதியவர் கலிலியோ. வீட்டுக்காவலில் இருந்தபோது எழுதி முடித்து, 1638-இல் ஹாலந்தின் லெய்டன் நகரில் அச்சான அவருடைய கடைசி நூலில், சுவரில் செருகிய உத்திரத்தின் நுனியில் எடை தொங்கும் படம் ஒன்று இருக்கிறது. அகலம், உயரத்தின் வர்க்கம், நீளம் ஆகிய மூன்றையும் அவர் சரியாகவே சொன்னார். ஆனால் உத்திரம் முழுவதும் இழுபடுகிறது, கீழ் விளிம்பை அச்சாகக் கொண்டு திரும்புகிறது என்று நினைத்துவிட்டார். அதனால் அவருடைய மாறிலி மூன்று மடங்கு பெரிதாகிவிட்டது. பிரான்சில் மாரியொத் என்ற இயற்பியலாளர் செய்த சோதனைகளில் உத்திரங்கள் கலிலியோ சொன்னதைவிடக் குறைந்த சுமையிலேயே முறிந்தன. 1713-இல் அந்துவான் பாரான் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் அந்த நடுக்கோட்டைச் சரியான இடத்தில் வைத்தார்.

வேடிக்கை என்னவென்றால், ஓர் உத்திரத்தை இன்னொன்றோடு ஒப்பிடுகிறவருக்குக் கலிலியோவின் பிழை எந்தத் தீங்கும் செய்யாது. விகிதம் எடுக்கும்போது மாறிலி அடிபட்டுப் போகிறது. தவறான மாறிலியும் அப்படியே அடிபட்டுப் போகும். முறியும் விதம் தெரியாமலே ஒருவர் ஒரு மரத்தைச் சோதித்து, இன்னொரு மரத்துக்குச் சரியான விடை சொல்லிவிடலாம். கூட்டு மாறலின் உண்மையான பலம் இதுதான் என்பேன். நமக்குத் தெரியாததையெல்லாம் ஒரே எண்ணுக்குள் அடைத்துவிட்டு, தெரிந்ததை வைத்து வேலையை முடிக்கலாம். ஆனால் அந்த எண்ணுக்குள் மரத்தின் வகை, ஈரம், கணு எல்லாம் இருக்கின்றன. தேக்குக்குக் கண்டுபிடித்த மாறிலி யூக்கலிப்டஸுக்கு உதவாது.

முறிவதற்கு முன்பே உத்திரம் தொய்யும். அதற்கு வேறொரு கூட்டு மாறல்: தொய்வு, சுமைக்கும் நீளத்தின் கனத்துக்கும் (மூன்று முறை பெருக்கியது, நீளம்³) நேர் மாறலிலும், அகலத்துக்கும் உயரத்தின் கனத்துக்கும் எதிர் மாறலிலும் இருக்கும். நீளத்தை இரட்டிப்பாக்கினால் பலம் பாதிதான் குறைகிறது. அதே சுமைக்குத் தொய்வோ எட்டு மடங்கு. நீண்ட உத்திரம் முறியாமலே நடுவில் இறங்கி, கூரை கோணுவது இதனால்தான்.

உருண்டையான அடிமரத்திலிருந்து பலமான உத்திரம் அறுக்க வேண்டுமானால், நீளம் மாறாதபோது அகலம் × உயரம்² அதிகபட்சமாக வேண்டும். சதுரமாக அறுப்பது சிறந்த வழி அல்ல. உயரம் அகலத்தைப் போல 1.41 மடங்கு இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. மரத்தின் வெட்டுமுகத்தில் விட்டத்தை வரைந்து மூன்று சம பாகமாக்குங்கள். பிரிக்கும் இரண்டு புள்ளிகளிலிருந்தும் எதிரெதிர்ப் பக்கமாகச் செங்குத்துக் கோடு போட்டால், அவை வட்டத்தைத் தொடும் இடங்களும் விட்டத்தின் இரு முனைகளும்தான் உத்திரத்தின் நான்கு மூலைகள். சதுரத்தைவிட இதில் மரம் கொஞ்சம் குறைவு, நிமிர்த்தி வைத்தால் பலம் ஏறக்குறைய 9 சதவீதம் கூடுதல்.