மித்ராஷ் – சொல் விளக்கம்

யூத சமய நூல்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘மித்ராஷ்’ என்னும் எபிரேயச் சொல்லை ‘விளக்கவுரை’ என்று பெயர்த்துவிடுவது எளிது. ‘யூதப் புராணம்’ என்று எழுதிவிடவும் கூடும். முன்னது சொல்லின் பாதிப் பொருளையே தருகிறது, பின்னது படிப்பவரை வேறெங்கோ கொண்டுபோய் விடுகிறது. யூத வேதத்தின் முதல் ஐந்து நூல்களான தோராவில் வரும் குடும்பக் கதைகளையும் தலைவர்களின் கதைகளையும் யூத அறிஞர்கள் எப்படிப் படித்தார்கள் என்பது விளங்க வேண்டுமானால், இந்தச் சொல்லின் வேரிலிருந்து தொடங்குவதே நல்லது.

எபிரேயச் சொற்களில் பெரும்பாலானவை மூன்று மெய்களால் ஆன வேரிலிருந்து கிளைப்பவை. மித்ராஷுக்கு வேர் த–ர–ஷ். தேடுதல், வினவுதல், ஆராய்தல், கணக்குக் கேட்டல் ஆகியன அதன் பொருள்கள். தமிழின் ‘துருவு’ என்னும் சொல்லோடு ஒலியிலும் பொருளிலும் ஓர் ஒற்றுமை தோன்றினாலும், அதை வைத்து உறவு கொண்டாட இடமில்லை; இரண்டும் வெவ்வேறு மொழிக் குடும்பங்களைச் சேர்ந்தவை. உண்மையான உறவு அரபு மொழியோடுதான் உண்டு. தமிழ்நாட்டு முஸ்லிம்கள் நாள்தோறும் வழங்கும் ‘மதரஸா’ என்னும் சொல்லும், யூதர்கள் கல்விக்கூடத்தைக் குறிக்க வழங்கும் ‘பேத் மித்ராஷ்’ என்பதும் இனமான வேர்களிலிருந்து வந்தவை.

இவ்வேர் ஆதியாகமம் 25ஆம் அதிகாரத்தில் ஒரு தாயின் துயரத்தில் வருகிறது. வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள் முட்டி மோதிக்கொள்ள, ரெபேக்காள் காரணம் என்னவென்று இறைவனிடம் வினவச் செல்கிறாள். எங்கே சென்றாள் என்பதை மூலம் சொல்லவில்லை. ‘பெரேஷித் ரப்பா’ என்னும் பழைய மித்ராஷ் தொகுப்பு அந்த இடத்தில் நின்று, அக்காலத்தில் தொழுகைக்கூடங்களும் கல்விக்கூடங்களும் இருந்தனவா என்று கேட்டு, சேம், ஏபேர் என்னும் முன்னோரின் கல்விக்கூடத்துக்கே அவள் சென்றாள் என்று விடை கூறுகிறது. வரலாற்றுச் செய்தியாக இதை ஏற்பது கடினம். ஆயினும் மித்ராஷ் செயல்படும் முறை இதில் நன்றாகத் தெரிகிறது. மூலம் விட்டுச்சென்ற இடைவெளி ஒன்றைக் கண்டு அது வினா எழுப்புகிறது. விடையை மூலத்தின் சொல்லிலிருந்தே எடுக்கிறது.

லேவியராகமம் 10ஆம் அதிகாரத்தில் இதே வேர் ‘தாரோஷ் தாரஷ்’ என்று இரட்டித்து வருகிறது. ஆரோனின் மக்கள் இருவர் இறந்த நாளில், பாவநிவாரண பலிக்குரிய ஆட்டுக்கடா என்னவாயிற்று என்று மோசே துருவித் துருவி விசாரிக்கும் இடம் அது. தோராவின் சொற்களை எண்ணினால் நடுவில் நிற்பவை இவ்விரு சொற்களே என்பது, யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களும் உரைகளும் அடங்கிய தொகுப்பாகிய தல்மூது கூறும் மரபு. விசாரித்த தலைவர் சினங்கொள்கிறார். மக்களை இழந்த அண்ணன் ஆரோன் விடை கூறுகிறார். அந்த விடையை மோசே ஏற்றுக்கொள்கிறார். ‘நான் இதைக் கேள்விப்பட்டதே இல்லை’ என்று சாதிக்காமல், ‘கேட்டிருந்தேன், மறந்துவிட்டேன்’ என்று மோசே நாணாமல் ஒப்புக்கொண்டதாகத் தல்மூது அறிஞர்கள் விரித்துரைத்தார்கள்.

மித்ராஷ் என்னும் பெயர்ச்சொல் எபிரேய வேதத்தில் இரண்டே இடங்களில், இரண்டாம் நாளாகமத்தில், ஏதோ ஒரு நூலையோ பதிவையோ குறித்து வருகிறது. வேதச் சொற்களை ஆராய்ந்து பொருள் காணும் முறைக்கும், அம்முறையில் எழுந்த நூல்களுக்கும் அது பெயரானது பிற்காலத்தில்தான். அவற்றுள் சட்டநெறி பற்றியது ஹலாக்கா எனவும், கதையும் அறவுரையும் பற்றியது அகாதா எனவும் பிரிக்கப்படும். ஹலாக்கா ‘நடத்தல்’ என்னும் வேரிலிருந்து வந்ததாதலால், தமிழில் அதை ‘ஒழுகலாறு’ என்றால் பொருந்தும்.

அகாதாவின் கூர்மையை யூதாவின் கதையில் காணலாம். தம்பி யோசேப்பை விற்றுவிட்ட யூதாவும் மற்றச் சகோதரர்களும், அவனுடைய அங்கியை வெள்ளாட்டுக் குட்டியின் இரத்தத்தில் தோய்த்துத் தகப்பனிடம் அனுப்பி, ‘ஹக்கேர் நா’, அதாவது ‘அடையாளம் பாரும்’ என்கிறார்கள். அடுத்த அதிகாரத்திலேயே, யூதாவின் விதவை மருமகள் தாமார், கருவுற்றதற்காகத் தன்னை எரிக்கக் கொண்டுபோகும் வேளையில், யாரென அறியாமல் தன்னைக் கூடிய அவன் ஆட்டுக்குட்டி தருவதாகச் சொல்லி அடகாகத் தந்திருந்த முத்திரையையும் கோலையும் அனுப்பி அதே இரு சொற்களைச் சொல்கிறாள். ‘அவள் என்னிலும் நீதியுள்ளவள்’ என்று யூதா ஊரறிய ஒப்புக்கொள்கிறான். தகப்பனிடம் எந்தச் சொல்லால் பேசினானோ அந்தச் சொல்லே அவனிடம் திரும்பி வந்தது என்றார்கள் அறிஞர்கள். குட்டியின் இரத்தத்தால் ஏமாற்றியவன், தாமாருக்கு வாக்களித்த குட்டியின் பொருட்டே ஏமாந்தான் என்பதையும் அவர்கள் விடவில்லை.

அத்தகைய யூதாவின் குலத்துக்கு அரசுரிமை எப்படி வாய்த்தது என்னும் வினாவும் எழுந்தது. யாத்திராகமத்துக்கான ‘மெகில்தா’ என்னும் மித்ராஷில், ரப்பி தர்போன் என்னும் அறிஞரைச் சூழ்ந்திருந்தோர் தாமார் செய்தியில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதைக் காரணமாகச் சொல்ல, ‘குற்றத்துக்குப் பரிசு உண்டோ’ என்று மறுப்பு எழுகிறது. யோசேப்பைக் கொல்லாமல் தடுத்ததைச் சொன்னால், அது விற்ற பாவத்துக்கு ஈடாகவே சரியாகிவிடும் என்று அதுவும் தள்ளப்படுகிறது. எகிப்தைவிட்டு இஸ்ரவேலர் வெளியேறியபோது கடல் பிளக்கும் முன்பே அதில் முதலில் இறங்கிய குலம் யூதாவின் குலம் என்பதே முடிவில் நிற்கிறது. தள்ளப்பட்ட விடைகளையும் அழிக்காமல் எழுதி வைத்திருப்பதுதான், என் மதிப்பில், இந்நூல்களின் பெருஞ்சிறப்பு.

இனித் தமிழ்ச்சொல். நேர்ப்பொருள் காண்பதற்கு யூத மரபில் ‘பெஷாத்’ என்று தனிப்பெயர் இருப்பதால், ‘பொழிப்புரை’, ‘விளக்கவுரை’ என்பன அதற்கே பொருத்தமானவை. நன்னூல் கூறும் ‘உய்த்துணர வைப்பு’ என்னும் உத்தி மித்ராஷுக்கு அருகில் வருகிறது. எனினும் அது நூலாசிரியன் செய்வது, மித்ராஷோ படிப்பவன் செய்வது. ‘நாடுதல்’ என்னும் வினை, நோய்நாடி என்று வள்ளுவர் ஆண்ட பொருளில், வேருக்கு மிக நெருங்கியதே. ஆனால் ‘நாடலுரை’ என்றால் இன்றைய வாசகர் தயங்குவார். ஆகவே ‘தேடலுரை’ என்பதே என் தேர்வு. நூற்பெயராக வருமிடத்தில் மித்ராஷ் என்றே எழுதலாம். ‘மிட்ராஷ்’ என்பது ஆங்கிலத்தின் வழியாக வந்த ஒலிப்பு. தொழுகைக்கூடத்தில் வாரந்தோறும் தோராப் பகுதியை ஒட்டி ஆற்றும் சொற்பொழிவையும் எபிரேயர் இதே வேரிலிருந்து ‘தெராஷா’ என்று அழைக்கிறார்கள். தமிழில் ‘உரை’ என்பது நூலுக்கு எழுதுவதையும் அவையில் பேசுவதையும் ஒருங்கே குறிப்பதால், அதற்கும் இன்னொரு சொல் தேட வேண்டியதில்லை.