போர்க்கைதியாக இறந்த பூட்டனாரின் பெயர் கல்லில் ஏற

திருகோணமலை நிலாவெளி வீதியிலுள்ள இரண்டாம் உலகப்போர் மயானத்தில் கல் கல்லாகத் தேடி, பெயரில்லை என்று திரும்பியவர்களைக் கண்டிருக்கிறேன். அங்கே கிடப்பவர்கள் பெரும்பாலும் திருகோணமலைப் பக்கம் இறந்தவர்கள். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, கைதிகளைக் கொண்டு அவர்கள் போட்ட சயாம் ரயில் பாதையின் தாய்லாந்துப் பக்க முகாமில் இறந்தவரைக் காஞ்சனபுரியில் தேட வேண்டும். உடல் கிடைக்காதவர் என்றால் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச்சுவரில்.

இவற்றைப் பராமரிப்பது பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழு. இலங்கை அதில் உறுப்பு நாடில்லை. ஆனாலும் கேட்டு வருபவரைக் கிராம சேவகர் பிரதேச செயலகத்துக்கு அனுப்புவார், அவர்கள் மாவட்டக் கச்சேரிக்கு, கச்சேரி கொழும்புக்கு. பட்டியல் ஒருவரிடமும் இல்லை. அதை முதல் நாளே சொன்னால் வயதானவர்கள் பஸ் ஏறி அலைய வேண்டாமே.

ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இலவசமாகத் தேடலாம். நாகலிங்கம் என்ற பெயரின் 'க'வுக்கு ஜி போட்டிருப்பார்கள், கே போட்டிருப்பார்கள். தகப்பன் பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். முகாமிலிருந்து வந்த தபாலட்டையோ சம்பளப் புத்தகமோ வீட்டிலிருந்தால் படை இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரை விட அதுதான் கைகொடுக்கும்.

பெயரே இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசெம்பர் 31க்குள் இறந்திருக்க வேண்டும். படையில் இருக்கும்போதே இறந்தவருக்குக் காரணம் எதுவானாலும் சரி. சிக்கல், விடுதலையாகி, படையிலிருந்தும் விலகி, ஊருக்கு வந்து இறந்தவருக்குத்தான். போர்ச் சேவையால் வந்த நோயே சாவுக்குக் காரணம் என்று காட்ட வேண்டும். இறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் 'காய்ச்சல்' என்று ஒரு சொல் இருந்தால் போதாது. ஆஸ்பத்திரித் துண்டு, ஓய்வூதியக் கடிதம் எதையும் எறியாதீர்கள். 1948 ஜனவரியில் இறந்திருந்தால் கதவு அடைத்தாயிற்று.

சேவைப் பதிவுகளையும் ஆணைக்குழு வைத்திருப்பதில்லை. நீங்கள்தான் தேடிக் கொடுக்க வேண்டும். ஜப்பானியர் கைதிகளைப் பற்றி எழுதிய அட்டைகள் பல லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், டபிள்யூஓ 345 என்ற தொகுப்பில் இருக்கின்றன. இப்போது முடிக்கும் சத்தியக் கடதாசியை மட்டும் நம்பி அனுப்ப வேண்டாம், அந்தக் காலத்து எழுத்து வேண்டும். மூலப்பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள். அப்புறம், பெயர் பொறிக்க ஆணைக்குழு காசு கேட்பதில்லை.

மலாயாத் தோட்டங்களிலிருந்து அதே ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களுக்கு இந்த உரிமை கிடையாது, அவர்கள் படையினர் இல்லை என்பதால். இது அநியாயம்தான். உங்கள் பூட்டனார் அப்படிப் போனவரென்றால், படிவம் நிரப்பித் தருகிறேன் என்று காசு கேட்டு வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.