பன்னிரண்டுக்குத் திரும்பும் கடிகாரங்கள்

பத்துச் சுவர்க் கடிகாரங்கள். எல்லாவற்றிலும் முட்களைப் பன்னிரண்டில் வைத்து ஒரே நொடியில் ஓடவிடுங்கள். சில முந்தும், சில பிந்தும். சரியான நேரம் மூன்று மணி ஆகும்போது ஒன்று 3:10 காட்டும், இன்னொன்று 2:50. அப்படியே விட்டால் சில நாட்களில் பத்தும் பத்து நேரம் காட்டும். இருந்த ஒழுங்கு போயே போய்விட்டது என்றுதான் தோன்றும்.

மூன்று மணிக்கே ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு கடிகாரத்தின் முட்களையும் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி வையுங்கள். 3:10 காட்டியது 8:50 ஆகும். 2:50 காட்டியது 9:10 ஆகும். முந்தியது பின்னால் போய்விட்டது, பிந்தியது முன்னால் வந்துவிட்டது. இனி எதையும் தொடாமல் மூன்று மணி நேரம் காத்திருங்கள். வேகமான கடிகாரம் தன் கணக்கில் 3 மணி 10 நிமிடம் ஓடிப் பன்னிரண்டைத் தொடும். மந்தமானது 2 மணி 50 நிமிடம் ஓடி அதே பன்னிரண்டைத் தொடும். எந்தக் கடிகாரமும் பின்னோக்கி ஓடவில்லை. ஆனாலும் ஒழுங்கு திரும்பிவிட்டது.

1950-ல் எர்வின் ஹான் என்ற அமெரிக்க இயற்பியலாளர் அணுக்கருக்களில் கண்டறிந்த ‘சுழற்சி எதிரொலி’யின் சாரம் இதுதான். காந்தப்புலத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் பம்பரம்போலத் தலையாட்டிச் சுழல்கின்றன. புலம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லாததால் ஒவ்வொன்றின் வேகமும் சற்று வேறுபடும். ஒரு ரேடியோ துடிப்பால் எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கிவைத்தால், சற்று நேரத்தில் அவை தாளம் தப்பிப்போகும். கூட்டுச் சமிக்ஞை மங்கிவிடும். இரண்டாவது துடிப்பு முட்களை மாற்றும் வேலையைச் செய்கிறது. முதலில் கழிந்த அதே அளவு நேரம் மறுபடி கழிந்ததும், செத்துப்போன சமிக்ஞை தானாக எழுந்து வருகிறது.

குவாண்டம் உலகின் இயக்கத்தைச் சொல்லும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டுக்குக் காலத்தின் முன்னும் பின்னும் ஒன்றே. அப்படியென்றால் காலத்தின் ஒருவழிப் பாதை எங்கிருந்து வருகிறது? எதிரொலியே அதைக் காட்டிக்கொடுக்கிறது. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டக் கூட்ட எதிரொலி சிறுத்துக்கொண்டே போகும். பக்கத்து அணுக்கள் தாறுமாறாக இடித்துக்கொண்டிருப்பதால், முந்தும் கடிகாரம் திடீரென்று பிந்தத் தொடங்குகிறது. முட்களை மாற்றிப் பயனில்லை. முதல் வகைக் குலைவில் ஒழுங்கு ஒளிந்துதான் இருந்தது. இரண்டாவதில் அது கை எட்டாத இடத்துக்குக் கசிந்துவிட்டது.

இந்த ஒருவழிப் பாதையைக் காலத்தின் அம்பு என்பார்கள். அதன் திசை தொடக்க நிலையையும் பொறுத்தது. பிரேசிலில் நடந்து 2019-ல் வெளியான ஒரு சோதனையில், குளோரோஃபார்ம் மூலக்கூறிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருவைச் சூடாகவும் கார்பன் அணுக்கருவைக் குளிராகவும் வைத்தார்கள். இரண்டின் நிலைகளும் ஒன்றையொன்று சார்ந்திருக்கும் குவாண்டம் பிணைப்பு முன்கூட்டியே இருந்தபோது, வெப்பம் குளிரிலிருந்து சூட்டுக்குப் பாய்ந்தது. வெப்பம் தானாகச் சூட்டிலிருந்து குளிருக்கே பாயும் என்ற வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி இதனால் உடைந்துவிடவில்லை. அந்தப் பிணைப்பு தேய்ந்து அதற்கு விலை கொடுத்தது.

அதே ஆண்டு ஒரு குவாண்டம் கணினியில், அதன் தகவல் அலகுகளான க்யூபிட்டுகள் இரண்டை ஏறத்தாழ 85 சதவீத முறை பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். ‘காலம் பின்னோக்கி ஓடியது’ என்று செய்திகள் அலறின. ஓடவில்லை, அங்கும் நடந்தது முட்களை மாற்றும் வேலைதான். அடிப்படை விதியிலேயே காலத் திசை தெரியும் இடமும் உண்டு: 2012-ல் கலிபோர்னியாவின் பாபர் என்ற துகள் இயற்பியல் சோதனையில், பி மெசான்கள் என்ற நுண்துகள்கள் ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வேகமும் திரும்பி வரும் வேகமும் வேறுபட்டன. ஆனால் உடைந்த கண்ணாடி ஒட்டிக்கொள்ளாததற்கு அது காரணமல்ல.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே இந்த எதிரொலிகள்தான் திரும்பத் திரும்ப எழுப்பப்படுகின்றன. அதில் ஒரு வகைப் படத்தில், மூளையைச் சூழ்ந்த திரவம் பளிச்சென்று வெண்மையாகத் தெரியும். அங்கே எதிரொலி மெதுவாகத் தேய்கிறது. சாம்பல் நிறமாகத் தெரியும் திசுக்களில் அது விரைவாகத் தேய்ந்துபோயிருக்கிறது.