சோனின் உடலுக்குள் ஓடும் லண்டன் கடிகாரம்

2021 அக்டோபர் 3, ஞாயிறு. லண்டனில் டாட்டன்ஹாம் கிளப்புக்காக ஆஸ்டன் வில்லாவோடு ஆடுகிறார் தென் கொரியக் கால்பந்து வீரர் சோன் ஹியுங்-மின். அந்த வியாழக்கிழமையே தென் கொரியாவின் ஆன்சானில் சிரியாவுடன் உலகக்கோப்பைத் தகுதிச்சுற்று ஆட்டம், 89வது நிமிடத்தில் வெற்றிக் கோல் அவருடையது. 12ஆம் தேதி தெஹ்ரானில் ஈரானுக்கு எதிராக ஒரு கோல். 17ஆம் தேதி மறுபடி இங்கிலாந்து, நியூகாசில் மைதானத்தில் டாட்டன்ஹாமுக்காக இன்னொரு கோல்.

வெளிநாட்டு கிளப்பில் ஆடும் முன்கள வீரரின் வேகத்தையும் ஷாட்டையும் எல்லாரும் பேசுகிறார்கள். இந்தப் பயணத்தில் அவர் உடம்பு என்ன பாடுபடும் என்பதைப் பேசுவோர் குறைவு, அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

நம் மூளையில் ஹைப்போதலாமஸ் பகுதியில் சுமார் 20,000 நரம்பு செல்கள் சேர்ந்த ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. எப்போது தூக்கம், எப்போது உடல் சூடு ஏறும், எப்போது தூக்கத்துக்கான ஹார்மோன் மெலடோனின் சுரக்கும் என்று நேரம் குறிப்பது அதுதான். ஊர் மாறியதும் அது சட்டென்று மாறாது, ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணிநேரம்தான் நகரும். அக்டோபரில் லண்டனைவிடக் கொரியா 8 மணிநேரம் முன்னால் ஓடுகிறது. ஞாயிறு ஆடிவிட்டு சுமார் 12 மணிநேரம் பறந்து போய் இறங்குபவருக்கு வியாழனுக்குள் இரண்டு மூன்று மணிநேரம் நகர்ந்தாலே அதிகம். ஆன்சானில் இரவு 11 மணிக்குப் படுத்தால் உடம்புக்கு அது இன்னும் சாயங்காலம்தான், எப்படித் தூக்கம் வரும்? தூக்கம் கெட்டால் முதலில் அடிவாங்குவது கவனமும் எதிர்வினை வேகமும். கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பெட்டிக்குள் பந்து விழும் அரை நொடியில் முன்கள வீரருக்குத் தேவையானவை அவைதான்.

கிழக்கே போவது மேற்கே திரும்புவதைவிடக் கஷ்டம். மனித உடல் கடிகாரத்தின் ஒரு சுற்று சராசரியாக 24 மணிநேரத்தைவிடக் கொஞ்சம் நீளம், அதனால் மேற்கே போகும்போது ஒரு நாளின் நீளத்தை நீட்டுவது அதற்கு எளிது, கிழக்கே போகும்போது சுருக்குவதுதான் சிரமம்.

சரி, வெயிலில் நின்றால் சரியாகிவிடுமா? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். உடல் சூடு நாளின் மிகக் குறைந்த அளவுக்கு இறங்குவது வழக்கமாக விழிப்பதற்கு இரண்டு மூன்று மணிநேரம் முன்னால். அதற்கு முன்பு கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், அதற்குப் பிறகு படுவது முன்னுக்கு இழுக்கும். லண்டன் உடம்புக்கு அந்தப் புள்ளி விடிகாலை நாலரை என்று வைத்துக்கொண்டால் கொரியாவில் அது பகல் பன்னிரண்டரை! காலையில் இறங்கிய கையோடு வெயிலில் பயிற்சிக்குப் போனால் கடிகாரம் நேர் எதிர்த்திசையில் நகரக்கூடும். முதல் நாள் காலையில் கறுப்புக் கண்ணாடி, மதியத்துக்குமேல் வெயில், இதுதான் சரியான வழி. அப்புறம் அந்தப் பன்னிரண்டரை எல்லைக்கோடு தினமும் ஏறக்குறைய ஒரு மணிநேரம் முன்னால் வரும், அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு உடம்பு பாதி பழகுவதற்குள் தெஹ்ரான் விமானம், அங்கே வேறொரு நேரம், பிறகு இங்கிலாந்து. அடுத்த மாதம் 11ஆம் தேதி மறுபடி கொரியா, கோயாங்கில் ஐக்கிய அரபு அமீரகத்துடன் ஆட்டம். இடையில் அக்டோபர் 31 அன்று இங்கிலாந்தில் கோடைநேரம் முடிந்துவிட்டதால், இந்த முறை வித்தியாசம் 9 மணிநேரம்.