பேக்ஸ்பேஸ்: சக்கரத்தின் உள்ளாழம்

பேக்ஸ்பேஸ் என்றதும் கீபோர்டின் வலது மேல் மூலையில் இருக்கும் பொத்தான்தான் நமக்கு நினைவுக்கு வரும். தப்பாக அடித்த எழுத்தை அழிப்பது அதன் வேலை. பழைய தட்டச்சுப் பொறியில் அது எதையும் அழிக்காது. ஓர் எழுத்து இடம் பின்னுக்கு நகர்த்தும், அவ்வளவுதான். அமெரிக்காவில் பழைய மஸில் கார் வைத்திருக்கும் ஒருவரிடம் இதே சொல்லைச் சொல்லிப் பாருங்கள். "எத்தனை இஞ்சு?" என்றுதான் திருப்பிக் கேட்பார்.

அவர் கேட்பது சக்கரத்தின் ஓர் அளவு. வீலைக் கழற்றி, அதன் முகம் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்துப் போடுங்கள். காருக்குள் ஒளிந்திருந்த பக்கம் இப்போது மேலே வந்துவிடும். ரிம்மின் ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்குக் குறுக்கே நேரான ஒரு கட்டையை வையுங்கள். கட்டையின் அடிப்பக்கத்திலிருந்து டேப்பைக் கீழே இறக்குங்கள். ஹப்போடு, அதாவது அச்சின் முனையில் வீலை மாட்டும் பாகத்தோடு, ஒட்டி உட்காரும் தட்டையான முகத்தை டேப் தொடும் இடத்தில் என்ன எண் வருகிறதோ, அதுதான் பேக்ஸ்பேஸ். பேக்ஸ்பேசிங் என்றும் சொல்வார்கள். டயர் மாட்டியிருந்தால் கட்டை ரிம்மில் உட்காராமல் டயரின் பிதுக்கத்தில் உட்கார்ந்துவிடும், எண் கூடிக் காட்டும். ஆகவே வெறும் ரிம்மில் அளப்பதே சரி.

வீலின் விட்டமும் அகலமும் பார்த்தாலே ஓரளவு தெரியும், பெரும்பாலும் அச்சிட்டும் இருக்கும். இந்த மூன்றாவது அளவு கண்ணில் படாது. ஆனால் டயர் காரில் உரசுமா உரசாதா என்பதைத் தீர்மானிப்பது இதுதான். பழைய மஸில் கார்களில் இது இவ்வளவு பெரிய பேச்சானதற்குக் காரணம் அந்தக் கார்களின் பிறப்பிலேயே இருக்கிறது.

நடுத்தர உடம்புக்குள் பெரிய காரின் எஞ்சினைத் திணித்தால் கிடைப்பது மஸில் கார். 1964இல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.வைத்தான் பலரும் தொடக்கமாகச் சொல்வார்கள்: 389 கன இஞ்சு வி8 எஞ்சின், அதைத் தாங்கியது 14 இஞ்சு விட்டமும் 6 இஞ்சு அகலமும் உள்ள வீல். இவ்வளவு முறுக்குக்கு இத்தனை ஒல்லியான ரப்பரா என்று இன்று பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். (மஸில் என்ற சொல்லே லத்தீனில் 'குட்டி எலி'. தோலுக்கடியில் தசை நெளிவது எலி ஓடுவதுபோல் இருந்ததாம். 'தசைக் கார்' என்று மொழிபெயர்ப்பவர்கள் ஒரு நிமிடம் யோசிக்கலாம். நான் மஸில் கார் என்றே எழுதுவேன்.) அன்றைய வீல்வளைவுகளும் அந்த ஒல்லி டயருக்கென்றே அளவெடுக்கப்பட்டவை. இன்று அதே காரை வாங்கிச் சீரமைப்பவர் அகலமான டயர் கேட்கிறார். இடம் கொஞ்சம் இருக்கிறது, தாராளமாக இல்லை. எந்தப் பக்கம் எவ்வளவு இடம் என்ற கணக்குதான் பேக்ஸ்பேஸ்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1969 ஷெவ்ரலே கமாரோ காரின் பின்பக்கத்தில் 15 இஞ்சு விட்டம், 7 இஞ்சு அகலம், 4 இஞ்சு பேக்ஸ்பேஸ் உள்ள ஒரு வீல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 7 என்பது டயரின் ஓரங்கள் உட்காரும் இடங்களுக்கு இடையிலான அகலம். ரிம்மின் உதடுகள் இருபுறமும் அரை அரை இஞ்சு கூடும் என்பதால் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு ஏறக்குறைய 8. அதில் பாதி 4. ஆக, ஹப்போடு ஒட்டும் முகம் வீலின் சரிநடுவில் இருக்கிறது.

இப்போது 8 இஞ்சு அகல வீலுக்கு ஆசைப்படுகிறோம். மொத்த அகலம் 9 ஆகும். பேக்ஸ்பேஸ் அதே 4 இஞ்சு என்றால், கூடிய ஒரு இஞ்சு முழுவதும் வெளிப்பக்கம் போய்விடும். கார் பள்ளத்தில் இறங்கி எழும்போது ஃபெண்டரின், அதாவது சக்கரத்தை மூடும் தகட்டின், மடித்த ஓரம் டயரைச் சீவும். சரி, 5 இஞ்சு பேக்ஸ்பேஸ் எடுத்தால்? அந்த ஒரு இஞ்சு முழுவதும் உள்ளே போகும். கமாரோவின் பின் அச்சு, பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங்கின் மேல் நிற்பது, டயரின் உள்பக்கம் அந்தப் பட்டையை நெருங்கும். 4.5 எடுத்தால் இரண்டு பக்கமும் அரை அரை இஞ்சு பங்காகும். இதன் மேல் டயரின் பிதுக்கத்தையும் சேர்க்க வேண்டும். 255 மில்லிமீட்டர் டயர் என்றால் சுமார் 10 இஞ்சு. மொத்தம் 9 இஞ்சு வரும் அந்த ரிம்மில் இருபுறமும் அரை இஞ்சு வெளியே தள்ளி நிற்கும். வீல் வாங்குவதற்கு முன் இதைத் தாளில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். வாங்கிய பிறகு போட்டால் ஃபெண்டர் ஓரத்தைச் சுத்தியால் மடிக்கும் வேலைதான் மிச்சம்.

முன்பக்கத்தில் இன்னொரு தொல்லை. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் திரும்பப் பிடிக்கும் இடம் கூடுகிறது. நேராக நிற்கும்போது உரசாத டயர், யூ-டர்ன் போடும்போது உரசும். அதனால்தான் முன்னே ஒல்லியாகவும் பின்னே அகலமாகவும் வைப்பது வழக்கமானது. 1970இல் பிளிமத் ஏ.ஏ.ஆர். குடா என்ற காரை முன்னே இ60-15, பின்னே ஜி60-15 டயரோடு தொழிற்சாலையிலேயே இப்படி அனுப்பினார்கள்.

அந்த இ60, ஜி60 என்ன என்று கேட்பீர்கள். 1960களின் பிற்பகுதியில் வந்த குறியீடு அது. எழுத்து டயரின் பருமனையும் தாங்கும் சுமையையும் சொல்கிறது, ஏ-யிலிருந்து மேலே போகப் போகப் பெரிது. 60 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு அறுபது. கடைசி எண் வீலின் விட்டம். அன்று பரவலாக இருந்த எஃப்70-14ஐ இன்றைய மொழியில் ஏறக்குறைய 215/70ஆர்14 என்பார்கள். மொத்த உயரம் 656 மில்லிமீட்டர் சொச்சம். 17 இஞ்சு வீலுக்குப் போக நினைப்பவர் 245/45ஆர்17 போட்டால் 652. உயரம் கிட்டத்தட்ட அப்படியே இருப்பதால் வேகமானி பொய் சொல்லாது, கியர் விகிதமும் மாறியதுபோல் தோன்றாது. அழகு கெடுமா என்பது வேறு வழக்கு. என்னைக் கேட்டால் இந்தக் கார்களுக்கு 15 இஞ்சுதான் லட்சணம். பக்கச்சுவரில் சதை இருக்க வேண்டும்.

பேக்ஸ்பேஸின் ஒன்றுவிட்ட சகோதரன் ஆஃப்செட். தமிழ்நாட்டில் இந்தச் சொல்லைக் கேட்டால் சிவகாசி காலண்டர்தான் கண் முன் வரும். சக்கரத்தில் அதன் பொருள் வேறு: ஹப்போடு ஒட்டும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது. சரிநடுவில் இருந்தால் பூஜ்யம். முகம் வெளிப்பக்கம் தள்ளியிருந்தால் நேர் எண், அப்போது வீல் காருக்குள் போகும். உள்பக்கம் தள்ளியிருந்தால் எதிர் எண், வீல் வெளியே துருத்தும். முகம் வெளியே போனால் வீல் உள்ளே போகும் என்ற இந்தத் தலைகீழ்தான் புதிதாக வருபவர் எல்லோரையும் ஒரு தடவையாவது கவிழ்க்கிறது.

இன்றைய வீல்களில் ஈ.டி. 40 என்பதுபோல் பொறித்திருப்பதைப் பார்த்திருக்கலாம். அந்த ஈ.டி. ஆங்கிலமே இல்லை. 'ஐன்பிரஸ்டீஃப' என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம். பிரித்தால் உள்ளே, அழுத்துதல், ஆழம். கண்ணுக்குத் தெரியாத நடுக்கோட்டிலிருந்து மில்லிமீட்டரில் கணக்கிட்டார் ஜெர்மன் பொறியாளர். அமெரிக்கர் அந்த நடுக்கோட்டுக்கே போகவில்லை. கையில் இருந்த கட்டையைக் குறுக்கே போட்டு இஞ்சில் அளந்துவிட்டார். ஒன்று வரைபட மேசையில் பிறந்த சொல், மற்றது கொட்டகைத் தரையில் பிறந்த சொல். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது எளிது: வீலின் மொத்த அகலத்தில் பாதியோடு ஆஃப்செட்டைக் கூட்டினால் பேக்ஸ்பேஸ். 8 இஞ்சு அகலம், ஈ.டி. 40 என்ற புதுக்கார் வீலை எடுத்தால் நாலரை இஞ்சோடு ஒன்றரை இஞ்சுக்குச் சற்று மேல் சேர்ந்து ஆறு இஞ்சைத் தாண்டும். மேலே சொன்ன கமாரோவில் அது ஸ்பிரிங்கில் போய் இடிக்கும். முன்சக்கரம் இழுக்கும் இன்றைய கார்களின் வீல்கள் ஏன் பழைய மஸில் கார்களுக்குப் பொருந்துவதில்லை என்பதற்கு இதுவே பெரிய காரணம். நட்டுத் துளைகளின் வட்டம் அடுத்த காரணம். ஷெவ்ரலேவின் ஐந்து துளை வட்டம் 4.75 இஞ்சு, அதாவது 120.65 மில்லிமீட்டர். 120 மில்லிமீட்டர் வட்டமுள்ள வீல் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். தெரிகிறதே என்று நட்டை முறுக்கிவிடக் கூடாது.

இனித் தமிழுக்கு வருவோம். பேக்ஸ்பேஸை அப்படியே பெயர்த்தால் பின்வெளி அல்லது பின்னிடம் என்று வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் காரில் உதவாது. தமிழில் வண்டியைப் பற்றிப் பேசும்போது 'பின்' என்றால் வண்டியின் பின்பக்கம். "பின்சக்கரத்தின் பின்வெளி நாலரை, முன்சக்கரத்தின் பின்வெளி நாலு" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கும் குழம்பும் காதும் குழம்பும். சக்கரத்தில் காரைப் பார்க்கும் பக்கத்தை நாம் ஒருபோதும் பின்பக்கம் என்று சொல்வதில்லை, உள்பக்கம் என்கிறோம். அதோடு, டேப் அளப்பது வெளியை அல்ல. மேலிருந்து கீழே இறங்கி ஆழம் பார்க்கிறது. கிணற்றில் கயிறு விட்டுப் பார்ப்பதுபோல்தான்.

ஆகவே என் தேர்வு உள்ளாழம். உள் என்பதும் ஆழம் என்பதும் சேர்ந்தது. "முன்னே உள்ளாழம் நாலு, பின்னே நாலரை" என்றால் எந்த மெக்கானிக்குக்கும் புரியும். கவிதைச் சொல்போல் ஒலிக்கிறதே என்று ஒருவர் சொல்லலாம். ஒலிக்கட்டும். பொருள் தெளிவாக இருந்தால் கொஞ்சம் அழகாக இருப்பதில் தப்பில்லை. ஜெர்மன் சொல்லிலும் உள்ளும் ஆழமும் இருப்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஆனால் அந்த அளவு வேறு, ஆகவே ஆஃப்செட்டுக்கு இன்னொரு சொல் வேண்டும். மையவிலகல் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை, பள்ளிப் பாடத்தின் மையவிலக்கு விசை குறுக்கே வந்து நிற்கிறது. நடுவிலகல் போதும். நேர் நடுவிலகல், எதிர் நடுவிலகல் என்று குறியோடும் சொல்லலாம்.

டயரையும் ரிம்மையும் நான் தொட மாட்டேன். டயரை உருளிப்பட்டை என்று எழுதுவோர் உண்டு, பஞ்சர் கடையில் அப்படிக் கேட்டவரை நான் பார்த்ததில்லை. ஆனால் சொல்லின் கதை நமக்கு அந்நியமல்ல. டயர் என்பது 'அட்டயர்', அதாவது உடை, என்ற ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். மரச்சக்கரத்துக்கு உடுத்திய இரும்பைத்தான் முதலில் அப்படி அழைத்தார்கள். நம் மாட்டுவண்டிச் சக்கரத்திலும் குடத்தில் ஆரக்கால்கள் செருகி, வட்டை பொருத்தி, பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டையை மேலே இறக்கித் தண்ணீர் ஊற்றி இறுக்குவார்கள். பட்டை கட்டிய அந்தச் சக்கரம் ஆங்கிலக் கணக்கில் டயர் போட்ட சக்கரம்.

மேக் வீலின் கதை வேறு. மேக் என்பது மெக்னீசியத்தின் சுருக்கம். அமெரிக்கப் பந்தயக் கார்களுக்கு வார்த்த மெக்னீசியம் சக்கரங்களிலிருந்து வந்த பெயர், பிறகு அலுமினிய வீல்களுக்கும் ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் பைக்கின் அலுமினிய வீலுக்கும் அதே பெயர்தான். 1964இல் வந்த கிரேகர் எஸ்.எஸ். வீலையும் மேக் என்றே அழைத்தார்கள். அதன் நடுப்பாகம் அலுமினிய வார்ப்பு, வெளிவட்டம் குரோம் பூசிய எஃகு. மருந்துக்குக்கூட மெக்னீசியம் இல்லை.

எனக்கு இன்னும் பிடிபடாதது டீப் டிஷ். உள்ளாழம் குறையக் குறைய வீலின் முகத்தில் வெளிப்பக்கக் குழி கூடும். அந்தக் குழிக்குத்தான் அந்தப் பெயர். மரச்சக்கரம் செய்த ஆங்கிலத் தச்சர்கள் ஆரக்கால்களைச் சாய்த்து வைப்பதால் வரும் குழிவை டிஷ் என்று சொன்னார்கள். வெளியாழம் என்று வைத்தால் உள்ளாழத்துக்கு ஜோடி சேரும், ஆனால் எங்கோ வெளியில் இருக்கும் ஆழம் என்று பொருள் போய்விடுகிறது. முகக்குழி என்றால் கன்னத்துக் குழி நினைவு வருகிறது. இப்போதைக்கு டிஷ் என்றே எழுதி வைத்திருக்கிறேன்.